பெட்டியடிப் பாடம்

திருமுக்கூடலுக்கு நான் மூன்று தடவை போயிருக்கிறேன். முதல் இரண்டு தடவையும் பெருமாளைச் சேவிக்கப் போனேன். மூன்றாவது தடவை ஒரு சுவரைப் பார்ப்பதற்காகவே போனேன்.

காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டுக்குப் போகிற சாலையில் பழைய சீவரம் என்று ஓர் ஊர் வரும். அங்கே பாலாற்றைக் கடந்தால் எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடமாகையால் இந்தப் பெயர். வருஷத்தில் முக்கால்வாசி நாள் இங்கே மூன்று ஆறுகள் கூடுவதில்லை. மூன்று மணல்வெளிகள் கூடுகின்றன. ஆனாலும் பொங்கலுக்கு மறுநாள் காஞ்சி வரதர் பார்வேட்டைக்காக இந்தப் பக்கம் எழுந்தருளும்போது ஜனக்கூட்டத்துக்குக் குறைவிராது. நாங்கள் போனது அப்படிப்பட்ட நாள் அல்ல. கோயிலில் எங்கள் இருவரையும் அர்ச்சகரையும் தவிர ஈ, காக்கை இல்லை.

என்னோடு வந்தவர் காஞ்சிபுரத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சியில் உட்கார்ந்தவர். ஒரு பட்டுச் சேலைக் கடையில் நாற்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றார். ஊரார் கணக்கில் காலணா பிசகாத மனிதர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையை என்ன செய்வதென்று யோசித்தவருக்கு யாரோ கைபேசியில் பங்கு வியாபாரம் செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். முதல் ஆறு மாதம் லாபம். கெட்ட காலம் எப்போதும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஏழாவது மாதம் கொஞ்சம் போயிற்று. போனதைப் பிடிக்க இன்னும் கொஞ்சம் போட்டார். அதுவும் போயிற்று. கடைசியில் அவருடைய மனைவியின் வளையல்கள் நான்கு பாங்கி லாக்கரிலிருந்து புறப்பட்டு அடகுக் கடைக்குக் குடிபோயின. அந்த அம்மாளுக்கு இன்னும் அது தெரியாது. காரில் வரும்போது இதையெல்லாம் வேறு யாரோ ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்வதுபோல் என்னிடம் சொன்னார்.

அவர் தனியாள் இல்லை. பங்குச் சந்தையை மேற்பார்வை செய்கிற 'செபி' என்ற ஸ்தாபனம் 2024-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. முந்தைய மூன்று நிதியாண்டுகளில் 'ஃப்யூச்சர்', 'ஆப்ஷன்' என்கிற பேரங்களில் இறங்கிய தனி மனிதர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமே அடைந்தார்கள் என்று அது கண்டது. இந்த 93 பேரும் அசடுகள் அல்ல. கூட்டல் கழித்தல் தெரிந்தவர்கள். என் நண்பருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். அப்படியானால் எங்கே தவறுகிறது? இந்தக் கேள்விக்குத் திருமுக்கூடல் சுவரில் பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பாதியைத் தேடிக் கடல் கடந்து ரங்கூன் வரையில் போகவேண்டியிருக்கும்.

சுவரிலே இருப்பது வீரராஜேந்திர சோழனுடைய கல்வெட்டு. அவன் ஆண்டது 1063 முதல் 1070 வரையில். ஆகவே கல்வெட்டுக்கு வயது தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு மேல். இந்தக் கோயிலில் ஜனநாத மண்டபம் என்று ஒன்றைக் கட்டியவர் மாதவன் தாமயன் என்கிற வைசியர். அந்த மண்டபத்தில் வேதமும் வியாகரணமும் சொல்லிக் கொடுக்கும் கல்விச்சாலை, மாணவர் விடுதி, 'வீரசோழன்' என்ற பெயருள்ள ஆதுலர் சாலை ஆகியவை நடந்தன. ஆதுலர் சாலை என்றால் ஆஸ்பத்திரி.

இதுவரை சொன்னது சரித்திரப் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. ஆனால் சுவருக்கு முன்னால் நின்று பார்த்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. அது செலவுக் கணக்கு. ஆஸ்பத்திரியில் படுக்கை பதினைந்து. வைத்தியர் ஒருவர், அவருக்கு ஆண்டுக்கு நெல் தொண்ணூறு கலம், காசு எட்டு. கத்தி வைத்து அறுத்துச் சிகிச்சை செய்கிறவர் ஒருவர். அவருக்கு நெல் முப்பது கலம். மூலிகை பறித்து மருந்து காய்ச்ச ஆள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், நாவிதன், தண்ணீர்க்காரன், இரவு எரிகிற விளக்குக்கு எண்ணெய், நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு இத்தனை அரிசி. பிறகு இருப்பில் வைக்கவேண்டிய தைலங்கள், நெய்கள், லேகியங்களின் ஜாபிதா. தருமம் செய்கிறவன் மனம் நெகிழ்ந்து அள்ளிக் கொடுத்த மாதிரியே இல்லை. இருக்கிற வருவாய் இவ்வளவு, அதற்குள் இன்னின்ன செலவு என்று நாழியும் உழக்கும் பார்த்து எழுதிய கை அது.

நண்பர் கணக்கர் அல்லவா? ரொம்ப நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை எழுதச் சொன்னவன் நஷ்டப்பட்டிருக்கமாட்டான்" என்றார்.

"எந்த வியாபாரியும் நஷ்டப்படுவான். இவன் அதை எழுதி வைத்திருப்பான். அவ்வளவுதான்" என்றேன்.

அவருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. "நீ கதை எழுதுகிறவன். எதையும் சொல்லுவாய். எழுதி வைத்தால் நஷ்டம் குறையுமா?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. பிராகாரத்துத் திண்ணையில் உட்கார்ந்து அவருக்கு நான் சொன்ன விவரங்களைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி வாசகர்களுக்கும் சொல்லப் போகிறேன்.

*

நகரத்தார் என்றும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் என்றும் சொல்லப்படுகிறவர்களுக்கு ஒரு குல வரலாறு உண்டு. ஆதியில் தாங்கள் தொண்டை மண்டலத்தில் காஞ்சியில் இருந்ததாகவும், பிறகு காவிரிப்பூம்பட்டினத்துக்குப் போனதாகவும், அங்கிருந்து பாண்டி நாட்டுக்கு வந்து இளையாத்தங்குடி முதலான ஒன்பது கோயில்களைச் சார்ந்து குடியேறியதாகவும் அவர்கள் சொல்லுகிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றிப் 'பட்டினப்பாலை' பேசுகிறது. கொள்ளும்போது அதிகம் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் இருந்தவர்கள் என்று அது அவர்களைப் புகழ்கிறது. புலவர்கள் புகழ்வது வழக்கம்தான். ஆனால் வியாபாரியைப் புகழ வந்த புலவர் அவனுடைய செல்வத்தோடு நிற்காமல் அவனுடைய தராசையும் புகழ்ந்தார் என்பதைக் கவனிக்கவேண்டும்.

செட்டிநாட்டில் மழை குறைவு, மண் சுமார். அவர்கள் உப்பு விற்றார்கள். பிறகு நெல்லும் பருத்தியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர் என்று கப்பலேறினார்கள். 1852-ல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி போக ஆரம்பித்தது. ஐராவதி ஆற்றுச் சமவெளியின் சதுப்புக்காடெல்லாம் கழனியாக வேண்டும். காடு வெட்டுகிற பர்மியக் குடியானவனுக்குப் பணம் வேண்டும். வெள்ளைக்காரப் பாங்கிகள் பெரிய வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்குமே தவிர, சேற்றில் இறங்கிக் குடியானவனைத் தேடி வரமாட்டா. செட்டியார்கள் வந்தார்கள். சுமார் 10 லட்சம் ஏக்கராக இருந்த கீழ்ப் பர்மாவின் நெல் சாகுபடி 1930 வாக்கில் 80 லட்சம் ஏக்கருக்கு மேல் போயிற்று. 1929-30-ல் விசாரணை செய்த பர்மா பாங்கிங் கமிட்டி அங்கே 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகவும், அவற்றில் புழங்கும் பணம் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அந்தக் காலத்து 75 கோடி!

இத்தனை பணத்தை நடத்தியவர்கள் எந்தக் கலாசாலையில் படித்தார்கள்? இங்கேதான் நாம் 'பெட்டியடிப் பைய'னைச் சந்திக்கிறோம்.

ரங்கூனில் மொகல் தெரு, சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு, கொழும்பில் செட்டியார் தெரு என்று எங்கே போனாலும் செட்டியார் கடையின் அமைப்பு ஒன்றுதான். கிட்டங்கி என்று ஒரு நீளமான கூடம். அதில் பல கடைகள். கடை என்பது ஒரு பாய், ஒரு அலமாரி, சாய்வு மேஜை போன்ற ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறவர் மேலாள். அதாவது முதலாளியின் ஏஜெண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள். எல்லோருக்கும் கீழே பெட்டியடியில் உட்காருகிற பையன். ஊரில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை நெட்டுருப் போட்டு வந்தவன். காணியும் மாவும் வீசமும் அவன் நாக்கில் விளையாடும். முந்திரி என்றால் நமக்கு அல்வாவில் போடுகிற பருப்பு. அவனுக்கு முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. வட்டிக் கணக்கை அவன் காகிதம் இல்லாமல் போடுவான்.

கணக்குத் தெரிந்த பையன் ரங்கூனுக்கு வந்து என்ன செய்தான்? கூட்டினான். தண்ணீர் எடுத்து வைத்தான். கடிதங்களைப் பிரதி எடுத்தான். பாக்கிக்காரன் வீட்டுக்கு நடந்தான். இதில் ஆச்சரியம் என்னவென்றால், லட்சாதிபதி வீட்டுப் பிள்ளையும் இப்படித்தான் ஆரம்பிக்கவேண்டும்; அதுவும் பல சமயங்களில் தகப்பனார் கடையில் அல்ல, வேறொருவர் கடையில். சொந்தக் கடையில் உட்கார்த்தி வைத்தால் தப்புச் செய்தபோது திட்டுவதற்கு ஆள் இருக்காது என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிறர் பணத்தைத் தொட்டுத் தொட்டு, அது தன்னுடையது அல்ல என்ற நினைப்பு எலும்பில் ஊறிய பிறகுதான் தன் பணத்தைத் தொடலாம். தன் பணம் என்று நினைக்கிறபோதுதான் மனிதனுக்குப் புத்தி தடுமாறுகிறது.

பேரேட்டைத் திறந்தால் பணத்துக்கு விதவிதமான பெயர்கள் இருக்கும். முதலாளியின் சொந்தப் பணம் ஒன்று. பிறர் நம்பிப் போட்ட மேல் பணம் ஒன்று. கோயில் பணம் தனி. தருமத்துக்கு ஒதுக்கிய மகமை தனி. ஆச்சிமார் பணம் தனி. வீட்டுப் பெண்களின் சீதனத்தொகை கடையில் போடப்பட்டிருக்கும். அவர்கள் பெயரிலேயே பக்கம் ஒதுக்கி, வரவு வைத்து, வட்டி ஏற்றி வரவேண்டும். புருஷன் என்பதற்காக அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட முடியாது.

நண்பர் இந்த இடத்தில் கனைத்துக்கொண்டார். நான் கவனிக்காததுபோல் மேலே சொன்னேன்.

மேலாளுடைய உத்தியோகம் மூன்று வருஷத்துக்கு. பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். சம்பளத்தில் ஒரு பகுதி முன்கூட்டியே குடும்பத்துக்குப் போய்விடும். கடைசியில் லாபம் கண்டால் அதில் ஒரு பங்கு. நடுவில் கடிதமும் கணக்கும் முதலாளிக்குப் போய்க்கொண்டே இருக்கவேண்டும். வருஷ முடிவில் ஐந்தொகை. அதாவது இருப்பு, வரவேண்டியது, கொடுக்கவேண்டியது எல்லாம் ஒரே பார்வையில் தெரிகிற சாசனம். மூன்று வருஷம் முடிந்ததும் ஊரிலிருந்து வேறு மேலாள் வருவார். பழையவர் புதியவரிடம் ஒவ்வொரு கடனாக ஒப்படைக்கவேண்டும். யார், எவ்வளவு, எதன் பேரில், வருமா வராதா?

இந்த ஒப்படைப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு மேலாள் சபலத்தில் தகாத ஆளுக்குக் கடன் கொடுத்துவிடலாம். அது வராது என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றும். தேறிவிடுவான், எல்லாம் சேர்ந்து வந்துவிடும் என்று மனசு சொல்லும். விட்ட இடத்தில் பிடிக்கிற ஆசை செட்டியாருக்கும் உண்டு, சக்கரவர்த்திக்கும் உண்டு. தருமபுத்திரரைவிட ஒழுக்கம் உள்ளவர் யார்? பொய் சொல்லத் தெரியாத மனிதர். சூதாட்டத்தில் அவரால் எழுந்திருக்க முடியவில்லையே! முதலில் பொன்னை வைத்தார், பிறகு நாட்டை, பிறகு தம்பிகளை, பிறகு தம்மையே. கடைசியாக அவர் யாரைப் பணயம் வைத்தார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தருமருக்குக் குணம் போதாமல் இல்லை. 'போதும், கணக்கை எடு' என்று சொல்ல ஒரு தேதி அவருக்கு இல்லை.

செட்டிநாட்டுக் கடையில் அந்தத் தேதி இருந்தது. பூசி மெழுகிய கடன் எதுவும் மூன்று வருஷத்துக்கு மேல் ஒளிந்திருக்க முடியாது. வரப் போகிறவர் சிநேகிதர் அல்ல. தம் தலையில் பழி விழாமல் இருக்க ஒவ்வொரு ரூபாயையும் தட்டிப் பார்த்து வாங்குகிறவர். இதை முதல் நாளிலிருந்தே அறிந்த மேலாள், தகாத கடனை ஆறாம் மாதத்திலேயே தகாத கடன் என்று எழுதிவிடுவதுதான் தனக்கு நல்லது என்று உணர்வார். மனிதன் யோக்கியனாக இருப்பான் என்று நம்பி அந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. அவன் பலவீனமானவன், தனியே விட்டால் தன்னிடமே பொய் சொல்லிக்கொள்வான் என்று தெரிந்து செய்தார்கள். கட்டுப்பாடு என்பது நெஞ்சுறுதி என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் அதை வேறொருவன் கண்ணில் வைத்தார்கள்.

வட்டியிலும் இதே புத்திதான். கடைகள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் பணத்துக்கு நடப்பு வட்டி என்று பெயர். ரங்கூனில் ஒவ்வொரு தமிழ் மாதமும் 16-ந் தேதி மாலை மொகல் தெருக் கோயிலில் செட்டியார்கள் கூடி அந்த மாதத்து வட்டியைத் தீர்மானிப்பார்கள். தண்டாயுதபாணி சந்நிதியில், எல்லோர் முன்னிலையிலும். தனித்தனியே இருட்டில் கணக்குப் போட்டு ஒருவரை ஒருவர் முந்தப் பார்ப்பது அங்கே செல்லாது. கடைக்கும் கடைக்கும் நடுவே லட்சக்கணக்கில் பணம் வெறும் பேரேட்டு வரியின் பேரிலேயே போய் வந்தது. அதற்கு ஈடு என்ன? நாணயம். தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். கையில் இருக்கிற காசும் நாணயம்; வாயில் இருக்கிற வார்த்தையும் நாணயம். நம் முன்னோர் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்கள்.

*

"இவ்வளவு ஒழுங்காக இருந்தவர்கள் பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தானே வந்தார்கள்?" என்றார் நண்பர்.

நான் அந்தக் கட்டத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தேன். வெற்றியை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் அது சரித்திரம் ஆகாது, விளம்பரம் ஆகிவிடும்.

1929-ல் உலகத்தைப் பொருளாதார மந்தம் பிடித்தது. இரண்டே வருஷத்தில் ரங்கூனில் நெல் விலை பாதிக்கும் கீழே போயிற்று. குடியானவனால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. செட்டியார்களின் பழைய பாடம் ஒன்று உண்டு: நிலம் நம் தொழில் அல்ல, பணம் புரளவேண்டும், மண்ணில் புதையக்கூடாது. 1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் ஜில்லாக்களில் அவர்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்குதான். 1938-ல் அது 25 பங்கு ஆயிற்று; ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர். ஆசைப்பட்டு வாங்கியது அல்ல. கடனுக்கு ஈடாக வந்து தலையில் விழுந்தது. விற்க முயன்றால் வாங்க ஆள் இல்லை. விலை திரும்பும், அன்றைக்கு விற்றுக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள்.

'விலை திரும்பும்' என்ற இரண்டு வார்த்தையைக் கவனியுங்கள். என் நண்பர் ஏழாவது மாதத்தில் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டது அதே இரண்டு வார்த்தைதான். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை உண்மையை எழுத வைத்த ஏற்பாடு தனிக் கடனுக்குப் பொருந்தியது. ஒரு தேசமே வாராக்கடன் ஆனபோது புதிய மேலாளும் பழைய மேலாளும் ஒரே நம்பிக்கையைத்தான் மாற்றிக்கொண்டார்கள். ஒப்படைக்கிறவரும் வாங்குகிறவரும் சேர்ந்து ஏமாறும்போது தட்டிப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த 25 பங்கு நிலத்துக்கும் ஒரு பழைய சொந்தக்காரன் இருந்தான். காட்டை வெட்டி, காய்ச்சலில் விழுந்து எழுந்து, கழனியாக்கிய பர்மியக் குடியானவன் அவன். அவன் குத்தகைக்காரனாகவோ கூலியாகவோ ஆனான். செட்டியார் வட்டி உள்ளூர் லேவாதேவிக்காரனுடைய வட்டியைவிடக் குறைவு என்பது உண்மை. அதைச் சொல்லி நிலம் போனவனைச் சமாதானப்படுத்த முடியாது. 1930-ல் சாயா சான் தலைமையில் குடியானவர் கலகம் மூண்டது. அதே வருஷம் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தது. வரவும் பற்றும் காலணா பிசகாமல் எழுதப்பட்ட பேரேடுகளில் இந்தக் கோபத்துக்கு மட்டும் பக்கம் ஒதுக்கப்படவில்லை. கடன் வாங்கியவன் என்ன நினைக்கிறான் என்பதும் வியாபாரத்தின் பொறுப்புகளில் ஒன்று என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1942-ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் ஓடி வந்தார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசிய உடைமையாக்கச் சட்டம் செய்தது. 1963-ல் பாங்கிகள் போயின. செட்டிநாட்டு வீடுகளில் தேக்குப் பெட்டிகளுக்குள் பர்மா நிலப் பத்திரங்கள் வெகுகாலம் பத்திரமாக இருந்தன. தேக்கும் பர்மாவிலிருந்து வந்ததுதான். பெட்டி உதவிற்று. பத்திரம் உதவவில்லை.

ஆனால் எல்லோரும் காத்திருக்கவில்லை. அ.மு.மு. குடும்பத்து முருகப்பச் செட்டியார் 1900-ல் பர்மாவில் மோல்மேனில் லேவாதேவி ஆரம்பித்தவர். முப்பதுகளிலேயே, ஜப்பானியர் வருமுன்பே, அந்தக் குடும்பம் பர்மாவிலிருந்து முதலைத் திருப்பி இந்தியாவுக்குக் கொண்டுவர ஆரம்பித்தது. திரும்பி வந்து இரும்புச் சாமான், சாணைக்கல் என்று தமக்குப் பழக்கமே இல்லாத தொழில்களில் பையன்களைப்போல் முதலிலிருந்து தொடங்கினார்கள். 1949-ல் சென்னையில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தகப்பனாரை இழந்து இளம் வயதிலேயே குடும்ப வியாபாரத்தை ஏற்றவர். பழைய லேவாதேவி இனிமேல் ஓடாது என்று கண்டு, 1937 பிப்ரவரி 10-ந் தேதி இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறந்தார்.

இவர்களுக்கு ஜோசியம் தெரிந்திருந்தது என்று நான் நினைக்கவில்லை. 1937-ல் ரங்கூனிலும் கிளை திறந்தவருக்கு 1942 தெரிந்திருக்க நியாயம் இல்லை. நாளை என்ன ஆகும் என்பது இவர்களுக்கும் தெரியாது, காத்திருந்தவர்களுக்கும் தெரியாது. இன்று என்ன ஆகியிருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டதில்தான் வித்தியாசம். போன பணம் போனது என்று எழுதினார்கள். எழுதிய பிறகு மிச்சம் இருக்கிறதைப் பார்க்கக் கண் வந்தது. எழுதாதவர்களுக்குப் போன பணமும் இருக்கிற பணமாகவே கணக்கில் நின்றது. அதனால் இருந்த பணமும் அதன் பின்னாலேயே போயிற்று.

*

பொழுது சாய்ந்துவிட்டது. அர்ச்சகர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்து நின்றார். நாங்கள் எழுந்தோம். போகும்போது நண்பர் இன்னொரு தடவை அந்தச் சுவரண்டை நின்றார்.

"இது மட்டும் நின்றுவிட்டது, பார்த்தாயா?" என்றார்.

நின்றது எழுத்து. ஆஸ்பத்திரி நிற்கவில்லை. பதினைந்து படுக்கையும் இல்லை. தொண்ணூறு கலம் நெல்லை அளந்து வாங்கிய வைத்தியரும் இல்லை. ஆனால் ஒரு வைசியர் கட்டிய மண்டபத்தில் நோயாளிக்கு இரவில் விளக்கெரிந்தது என்பதும், அந்த விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதும் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. ஊரார் படிக்கும்படி கணக்கைக் கல்லிலே வெட்டியவர்கள் அதற்குப் பிறகு அந்த நெல்லில் கை வைக்க முடியாது. செட்டிநாட்டு மேலாளுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வந்த கண், இங்கே தினம் கோயிலுக்கு வருகிறவன் கண்ணாக இருந்தது.

பாலத்தின்மேல் காரை நிறுத்தச் சொன்னார். கீழே மணல். நடுவில் ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர்.

"ஒரு காகிதம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

கதை எழுதுகிறவன் பையில் காகிதம் இல்லாமல் இருக்குமா? நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். முழங்காலில் வைத்துக்கொண்டு எழுதினார். நாற்பது வருஷம் பழகிய கை. கோடு போடாமலே வரிகள் நேராக விழுந்தன. பங்கின் பெயர், போட்ட தேதி, போட்ட தொகை, இன்றைய மதிப்பு. ஒரே ஒரு இடத்தில் பேனா நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு, 'வளையல் நான்கு வகையில், வீட்டுக்காரி பேரில் வரவு' என்று எழுதித் தொகையைப் போட்டார். கூட்டினார். கூட்டல் சரிதானா என்று கீழிருந்து மேலாக இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார்.

"நான் நினைத்ததைவிட அதிகமாகப் போயிருக்கிறது" என்றார்.

பிறகு, "இதை அவளிடம் எப்படிக் காட்டுவது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. கதையாக இருந்தால் ஏதாவது எழுதியிருப்பேன். "சாப்பிட்ட பிறகு காட்டு" என்றேன். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காஞ்சிபுரம் வந்து சேருகிற வரையில் இரண்டு தடவை பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.